வெட்டாத ஒயர்

‘டக்’ என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். “கிளிப்புதான் சார், ஒண்ணும் ஆகல” என்றார் கடைத் தம்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. நுனி மழுங்கிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்து நெம்பிக்கொண்டிருந்தார். இரும்பு பட்டால் ஃபிரேமில் வெள்ளைக் கோடு விழும், விழுந்தால் போகாது. கியர் கம்பியின் மேல் ஒரு பழைய துண்டை முன்பே போர்த்தியிருந்தார். இன்னும் மூன்று ‘டக்’. பிறகு நான்கு ஸ்க்ரூ. பத்து வருஷமாக என் காரின் முகமாக இருந்த கம்பெனி ஸ்டீரியோ செட், பல்செட்டைப் போலக் கையோடு கழன்று வந்தது.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரத்தில், புளியமர நிழலே பட்டறையாக ஒரு கடை. எதிரே மலை. ஆசிரமத்து மயில் அகவினால் அங்கே வரைக்கும் கேட்கும், நடுவில் பஸ் எதுவும் ஹாரன் அடிக்காமல் இருந்தால். இந்த இடத்தில் கார் ஸ்டீரியோவைப் பற்றி யோசிப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மௌனமே உபதேசம் என்று ரமணர் 1950 வரை உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், நான் பாட்டு செட் மாற்ற நிற்கிறேன். ஆனால் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாக இந்தச் சாலையில் வந்து இறங்கும் கார்களைக் கவனியுங்கள். பாதிக் கார்களில் நின்ற பிறகும் ஒரு நிமிஷம் கதவு திறக்காது. உள்ளே பாட்டு முடியக் காத்திருப்பார்கள்.

கம்பெனி செட்டில் குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரேடியோ பாடும், சிடி சுற்றும், போன் வந்தால் பேசும். வரைபடம் கிடையாது. அதற்காகக் கண்ணாடியில் ஒட்டிய போன், வெயிலில் பிடி கழன்று மடியில் விழும். மாற்றலாம் என்று முடிவெடுத்ததும் நண்பர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “ஒயரை மட்டும் வெட்ட விடாதே.” அந்த வாக்கியத்தின் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

முதலில் அந்தப் பொந்து. எந்த ஊரில் செய்த காராக இருந்தாலும் எந்த ஊரில் செய்த செட்டாக இருந்தாலும் பொருந்துகிறதே, எப்படி? ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் ‘டின்’. அவர்கள் வகுத்த அளவு பிறகு உலக அளவாயிற்று: ஏறக்குறைய 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். உயரம் இரண்டு மடங்கானால் ‘டபுள் டின்’. நம் ஊரில் டின் என்றால் எண்ணெய் டின். கடைக்கு வந்த ஒரு பெரியவர் “டபுள் டின் எவ்வளவு?” என்ற பேச்சைக் கேட்டு நல்லெண்ணெய் விலை என்றே நினைத்தார். இந்த ஒரு பொந்தை மட்டும் காலியாக விட்டுவைக்கக் கார்க் கம்பெனிகள் ஒத்துக்கொண்டதால்தான் ‘வெளி செட்’ என்றொரு தொழில் தழைத்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கடைகள் முதல் இந்தப் புளியமரத்தடி வரை, எல்லாருக்கும் சோறு அந்த 180 மில்லிமீட்டரில்தான்.

அதற்கு முன்னும் காரில் பாட்டு உண்டு. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் கார் ரேடியோ விற்கத் தொடங்கி, மோட்டாரையும் அந்நாளில் கிராமபோன் பெட்டிப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்த ‘ஓலா’வையும் சேர்த்து மோட்டோரோலா என்று பேர் வைத்தார்கள். அதாவது, ‘வெளியில் வாங்கிப் போட்டது’தான் மூத்தது. கம்பெனி செட் பின்னால் வந்த தம்பி. என் நண்பர்கள் இதைத் தலைகீழாகவே நம்புகிறார்கள்.

பொந்துக்குள் கை விட்டால் ஒயர்க் கொத்து. தம்பி அதை வெளியே இழுத்து, நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டினார். புதிய செட்டின் பக்கம் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று ஆரம்பிக்கிறது. மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் 12 வோல்ட் நிற்கும். சிவப்பில் சாவி திருப்பினால்தான் உயிர் வரும். ஒன்று நினைவு, மற்றது விழிப்பு. கார் தூங்கும்போது மணி எத்தனை, கடைசியில் கேட்ட ஸ்டேஷன் எது, சத்தம் எந்த அளவில் இருந்தது என்பதையெல்லாம் மஞ்சள் ஒயர்தான் விடிய விடியக் காவல் காக்கிறது. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் செட் பாடத்தான் செய்யும்; ஆனால் ஒவ்வொரு தடவை சாவியை எடுக்கும்போதும் தன்னை மறந்துவிடும். விழிப்பும் உறக்கமும் ஓயாமல் விசாரிக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பிக்கு வரவில்லை. இது அவருக்குத் தினசரி.

ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். ஒவ்வொன்றுக்கும் துணையாகக் கறுப்புக் கோடு போட்ட அதே நிறம். இந்த வண்ண ஒழுங்கு வெளி செட்டுகளில் பெரும்பாலும் எந்தப் பேரிலும் மாறுவதில்லை. கார்க் கம்பெனிகளோ ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கப்ளர், தனக்கென்று ஒரு நிறம். இரண்டுக்கும் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அதுதான் உள்ளங்கை அளவு இடைக் கப்ளர்: ஒரு முனை காருக்கு, ஒரு முனை செட்டுக்கு. விலை சில நூறு ரூபாய்தான். அதைக் கேட்டு வாங்காதவர்களுக்குச் சில கடைகளில் கார் ஒயரையே நறுக்கி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றித் தருகிறார்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை போனால் அந்த டேப்பின் பசை தேனாக உருகி, டேப் தனியே, செம்பு தனியே. என் தம்பி ஒரு இடத்திலும் கத்தரி வைக்கவில்லை. ‘க்ளிக்’ என்று கோத்தார், அவ்வளவுதான். மீந்த ஒயரை மடித்து, துணி டேப்பைச் சுற்றினார். “துணி டேப் எதுக்கு தம்பி?” “பிளாஸ்டிக்ல உரசினா சத்தம் வரும் சார். கேக்காம இருக்கணும்ல.” இனி யாருமே பார்க்கப்போகாத இருட்டுக்குள் இருக்கும் ஒயர் அது.

பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று கொட்டை எழுத்து. இந்த எண்ணை நான் பல வருஷம் நம்பியிருக்கிறேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி நாலால் வகுத்தால் ஏறக்குறைய 52. அதாவது, சுருதி, கமகம் எல்லாம் போய், அலையின் தலையும் காலும் வெட்டுண்டு சதுரமாக அலறும்போது வரும் சக்தி அது. ஒழுங்கான அலைக்கு அதில் பாதி. இழப்பு போக இருபது வாட் வந்தால் பெரிது. பொய் என்று சொல்ல முடியாது. அலறலை அளந்து பாட்டென்று எழுதியிருக்கிறார்கள். இருபது வாட்டே ஒரு காருக்குத் தாராளம். சக்தி இரண்டு மடங்கானாலும் காதுக்கு அது லேசாகக் கூடின மாதிரிதான் கேட்கும்.

சத்தத்தின் தரம் வாட்டில் இல்லை, கதவில் இருக்கிறது. கதவின் உள் அட்டையைக் கழற்றினால் வெளித் தகடு தெரியும். விரலால் தட்டினால் ‘டங்’ என்று பிஸ்கட் டப்பா. அதன் மேல் தம்பி கறுப்பாக, தாரைப் போலக் கனத்த ரப்பர்த் தாளை ஒட்டி, சின்ன உருளையால் காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்த்தார். மறுபடி தட்டினேன். ‘தொம்.’ எனக்கு உடனே மிருதங்கம் ஞாபகம் வந்தது. கச்சேரிக்கு முன்னால் வித்வான் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவாரே, அதே காரியம். அதிரும் பரப்பில் கனத்தை ஏற்றினால் அதன் குரல் கீழே இறங்கும், வெட்டிக் குலைக்கும் அதிர்வும் அடங்கும். மிருதங்கத்துக்கு இறங்கிய குரல் வேண்டும். கதவுக்குக் குரலே வேண்டாம். ரவையா ரப்பரா என்பதுதான் வேறு. அந்த வேலை முடிந்தபின் கதவைச் சாத்திய சத்தமே மாறிவிட்டது. பழைய கார் ஒன்று விலை கூடிய காரின் கதவைக் கடன் வாங்கிச் சாத்துவது போல.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான இடம். செட்டின் அமைப்புகளுக்குள் எங்கோ மூலையில் நேரச் சீரமைப்பு என்று ஒரு பக்கம் இருக்கிறது. காரின் படம், நாலு ஸ்பீக்கர், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. நம் காரில் ஓட்டுகிறவர் வலது பக்கம். வலக் கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்தில், இடக் கதவு ஸ்பீக்கர் எங்கோ எதிர்ப்புறத்தில். என் காரில் டேப் வைத்து அளந்தேன். வித்தியாசம் 60 சென்டிமீட்டர். இந்த ஊர் வெயிலில் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். ஆக வலது பக்கச் சத்தம் 1.7 மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வருகிறது. அவ்வளவு சின்ன முந்தலுக்கே காது ஏமாந்துவிடும். முதலில் வந்தவன் எங்கே இருக்கிறானோ அங்கேதான் பாட்டு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடும். பத்து வருஷமாக என் காரில் எல்லாப் பாடகர்களும் வலக் கதவின் கைப்பிடிக்குக் கீழே குந்தியபடியே பாடினார்கள்.

வலது ஸ்பீக்கரை 1.7 மில்லி செகண்ட் தாமதிக்கச் சொல்லி எண்ணை அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்தது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986-ல் வந்த இசைத்தொகுப்பு. வி.எஸ். நரசிம்மனின் வயலின் கதவிலிருந்து எழுந்தது. எழுந்து, ஸ்டீரிங்கைத் தாண்டி, டேஷ்போர்டின் நடுவில், கண்ணாடியின் அடி விளிம்பில் போய் நின்றது. அங்கே ஸ்பீக்கரே கிடையாது. மற்ற வயலின்கள் இரண்டு பக்கமும் பின்வாங்கி வரிசை கட்டின. நான் எண்ணைத் திரும்பப் பூஜ்யமாக்கினேன். வயலின் கதவுக்குள் இறங்கியது. மறுபடி 1.7, எழுந்தது. இப்படி ஏழெட்டுத் தடவை. தம்பி வெளியிலிருந்து குனிந்து பார்த்து, “செட்டு ஹேங் ஆயிடுச்சா சார்?” என்று கேட்டார்.

அடுத்த வட்டு ‘நத்திங் பட் விண்ட்’, 1988. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். பழைய செட்டில் அது குழல் சத்தமாக மட்டும் இருந்தது. இப்போது குழலுக்கு முன்னால் மூச்சு கேட்டது. வாய்த்துளையின் விளிம்பில் காற்று மோதி இரண்டாகப் பிரியும் அந்த ‘ஃப்’, சுரம் பிறப்பதற்கு ஒரு கணம் முன்னால். இருபது வாட்டில் இதுவெல்லாம் கிடைக்கிறது என்றால் ஐம்பது எதற்கு?

ஸ்டீரிங்கில் இருக்கும் பொத்தான்கள் இனி வேலை செய்யாது என்று நினைத்திருந்தேன். செய்தன. அந்த ஆறு பொத்தான்களுக்கும் சேர்த்து வருவது இரண்டே ஒயர். ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் வெவ்வேறு அளவில் ஒரு மின்தடை. எந்தப் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு தடை என்பதை வைத்துச் செட் ஆளை அடையாளம் காண்கிறது. ஆனால் புதிய செட்டுக்கு என் காரின் தடைகள் தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டும். திரையில் ‘சத்தம் கூட்டு’ என்பதைத் தொட்டுவிட்டு ஸ்டீரிங்கில் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், ஒரு ‘பீப்’. கற்றுக்கொண்டது. அடுத்தது. தத்து வந்த பிள்ளைக்கு வீட்டு மனிதர்களை ஒவ்வொருவராகக் காட்டுவது போல, “இது அத்தை, இது மாமா.”

கை பிரேக் ஒயரில் மட்டும் எனக்கும் தம்பிக்கும் சின்னச் சச்சரவு. பிரேக் போட்டிருந்தால்தான் திரையில் படம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த ஒயர் அது. பல கடைகளில் அதை நேராக எர்த்தில் முடிந்துவிடுகிறார்கள். செட் எப்போதும் ‘கார் நிற்கிறது’ என்று நம்பிக்கொண்டிருக்கும். “எல்லாரும் கேப்பாங்க சார்.” “எனக்கு வேண்டாம் தம்பி.” சாமியார்களும் சைக்கிள்களும் வெள்ளைக்காரர்களும் குரங்குகளும் ஒரே நேரத்தில் குறுக்கே போகும் சாலையில் ஓட்டுகிறவனுக்கு எதற்குச் சினிமா?

ரேடியோவில் ஒரு வேடிக்கை. செட் அமெரிக்க அமைப்பில் வந்திருந்தது. அங்கே எஃப்.எம். ஸ்டேஷன்கள் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணில் மட்டுமே நிற்கும். புதுச்சேரி வானொலியின் 102.8-ஐத் தேடினால் 102.7-லிருந்து 102.9-க்குத் தாண்டிக் குதித்தது. ஏரியா என்ற இடத்தில் ஊரை மாற்றியதும் 102.8 என்று ஒரு எண் இருப்பதையே ஒப்புக்கொண்டது.

ஜிபிஎஸ் ஆன்டெனா, தீப்பெட்டி அளவு சதுரம். டேஷ்போர்டின் மேல் கண்ணாடிக்கு அடியில், வானம் பார்க்க வைக்க வேண்டும். எதிரே 814 மீட்டர் மலை நிற்கிறதே, வானத்தில் ஒரு துண்டை அது விழுங்கிவிடாதா என்று எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது மெய்சிலிர்த்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு 55 பாகை சாய்ந்த பாதைகளில் சுற்றுகின்றன. 55 பாகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களின் உச்சி மேல் அவை போவதே இல்லை. 12 பாகையில் இருக்கும் திருவண்ணாமலையிலிருந்து பார்த்தால், நேர் வடக்கே தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 35 பாகை உயரம் வரை எப்போதும் வெறும் வானம்தான். ஆசிரமத்துக்கு மலை எந்தத் திசை? வடக்கு. எவ்வளவு உயரம் எழுகிறது? ஆசிரம வாசலிலிருந்து பார்த்தால் இருபது பாகைக்குள். செயற்கைக்கோள்கள் வராத ஓட்டையில் மலை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. ஏறக்குறைய ஒன்றையும் மறைக்கவில்லை.

2000 மே 2-க்கு முன்னால் இதே பெட்டி சுமார் நூறு மீட்டர் வரை தடுமாறியிருக்கும். அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அன்றுதான் நிறுத்தினார்கள். நூறு மீட்டர் என்றால், வரிசையாக ஆசிரமங்கள் இருக்கும் இந்தச் சாலையில் எந்த வாசல் என்றே தெரியாது.

வரைபடத்தை மெமரி கார்டில் ஏற்றி வைத்துக்கொண்டேன். கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது, போன் வரைபடம் பாதியில் சாம்பல் நிறமாக நின்றுவிடும். கார்டில் இருப்பது நிற்காது. ஆனால் கிரிவலத்தை மட்டும் எந்த வரைபடத்துக்கும் புரியவைக்க முடியவில்லை. புறப்படும் இடம் ஆசிரமம், சேரும் இடம் ஆசிரமம் என்று கொடுத்தால், ‘நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்கிறது. இதைக் கேட்டு ஆசிரமத்துக்கு வரும் நண்பர் ஒருவர் ரொம்ப நேரம் தலையாட்டினார். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் எட்டு நிறுத்தமாகக் கொடுத்த பிறகுதான் 14 கிலோமீட்டர் என்று ஒப்புக்கொண்டது. பௌர்ணமியன்று போலீஸ் சாலையை அடைத்திருப்பது அதற்கு அப்போதும் தெரியாது.

ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அதிகாலையில் சுற்றினோம், நானும் மனைவியும். மலை வலக்கைப் பக்கம், ஓட்டுகிறவனின் ஜன்னலில். வலம் வருவதால் வரைபடத்துக் குரல் சொன்னதெல்லாம் ஏறக்குறைய ஒரே சொல்: வலது. அந்தக் குரல் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து வாசிப்பதால் ஒரு குழப்பம். ஊர்க்காரர்களில் சிலர் அடி அண்ணாமலை என்பார்கள், சிலர் ஆதி அண்ணாமலை என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்து. குரல் இரண்டுக்கும் நடுவில் எதையோ சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டது. “எது சரி?” என்றார் அவர். “ரெண்டும்தான்” என்றேன்.

திரையை முதலில் வண்டி போகும் திசை மேலே இருக்கும்படி வைத்திருந்தேன். அப்போது கார் அசையாமல் நிற்கிறது, மலை நம்மைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அது சரிப்படவில்லை. வடக்கு மேலே என்று மாற்றினேன். மலை நடுவில் நின்றது, சின்ன அம்புக்குறி அதைச் சுற்றி ஊர்ந்தது. இன்னும் இருட்டு. ஹெட்லைட் போட்டதும் ஆரஞ்சு ஒயர் செய்தி சொல்லி, திரை தன் வெளிச்சத்தைத் தாழ்த்திக்கொண்டது. பொத்தான் விளக்கின் நிறத்தையும் டேஷ்போர்டின் மற்ற விளக்குகளோடு சேர்த்து மஞ்சளாக்கியிருந்தார் தம்பி. கடையில் வந்தபோது அது நீலமாக, மிட்டாய்க் கடை போல இருந்தது. ஃபிரேமைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். நகம் போகிற இடைவெளி எங்கும் இல்லை. “இது இந்தக் காரோடவே வந்த மாதிரி இருக்கு” என்றார் அவர். கொடுத்த காசைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை.

குபேர லிங்கம் தாண்டியதும் பாட்டை நிறுத்தினேன். கதவுகள் அதிரவில்லை, ஒயர் உரசவில்லை, டயர் சத்தம்கூடத் தள்ளி நின்று கேட்டது. அப்போது பின்னாலிருந்து ‘கட... கட... கட’. இருவரும் திரும்பிப் பார்த்தோம். மேடு வந்தால் இரண்டு, பள்ளம் வந்தால் மூன்று. இவ்வளவு ரப்பரை ஒட்டிய பிறகு எங்கிருந்து? ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்தேன். நியூஸ் பேப்பரில் சுற்றி, நாலு ஸ்க்ரூவையும் ஒரு பாலிதீன் பைக்குள் முடிந்து, தம்பி பத்திரமாக வைத்துக் கொடுத்த பழைய கம்பெனி செட், ஸ்டெப்னியோடு மோதிக்கொண்டிருந்தது. என் தோள் துண்டை எடுத்து அதைச் சுற்றி வைத்தேன்.